அரை மில்லிமீட்டர்

பாயான் லெப்பாஸ், மூன்றாம் கட்டம்.
கேண்டீன் சுவரில்
நாசி லெமாக் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில்
ஒசாக்காத் தலைமையகம் அனுப்பிய நாட்காட்டி.
மாதத்துக்கு ஒருத்தி.
மாதத்துக்கு ஒரு பூ.

பிப்ரவரிக்காரி பனியில் குடை பிடித்து
பிளம் கிளையை முகர்கிறாள்.
மே மாதத்தாள் பலகைப் பாலத்தில் நின்று
அத்தனை ஐரிஸுக்கும் முதுகைக் காட்டி
தன் கால்விரலைப் பார்க்கிறாள்.
ஆகஸ்டில் ஒருத்தி, பல் துலக்கிக்கொண்டே
விடிந்தால் விரியும் ஊதாக் கொடிப்பூவின் எதிரில்.
அவளை எனக்குப் பிடிக்கும்.
காலை ஷிப்டுக்குக் கிளம்புகிறவளின் முகம்.

எங்களுக்கு மாதங்கள் இப்படி வருவதில்லை.
வெயில். நாலு மணிக்கு மழை. மறுபடி வெயில்.
டுரியான் வாசம் வந்தால் ஜூன்,
அக்கரைக் காட்டுப் புகை வந்தால் செப்டம்பர்.
மழை தொடங்கும்போது திரும்பிவிடுவேன்,
முல்லை அரும்பும்போது வாசலில் நிற்பேன் என்று
சொல்லிப்போன பழைய தமிழ் ஆண்கள்
பினாங்கில் பெண்ணெடுத்திருந்தால்
தினமும் சாயங்காலம் பொய்யர்களாகியிருப்பார்கள்.

என் முல்லை லாக்கரில் இருக்கிறது,
பதினேழாம் எண், பிளாஸ்டிக் உறைக்குள்.
உள்ளே பூ கூடாது. பவுடர் கூடாது. மை கூடாது.
ஒரு மயிர் வெளியே தெரியக் கூடாது.
வெள்ளை அங்கி, வெள்ளை முகமூடி, கண் மட்டும்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தால்
நானும் நூர் ஹயாத்தியும் பெய் ஷானும்
ஒரே பலகையில் அச்சடித்த மூன்று பிரதிகள்.

என் வேலை பார்ப்பது.
பச்சைச் சர்க்யூட் பலகையில் ஈயப்பசை அச்சு விழும் இடம்.
மூலைக்கொரு வட்டப் புள்ளி.
புள்ளிமேல் புள்ளி உட்கார வேண்டும்.
மயிரிழை விலகினால் சிவப்புக் கூடை.
எட்டு மணி நேரம்.
ஆள் குறைந்தால் பன்னிரண்டு.

அதனால்தான் கண்ணில் பட்டது.
ஏப்ரல்.
செர்ரிப் பூக்களின் கீழே ஒருத்தி
யாரோ கூப்பிட்டதுபோல் கழுத்தைத் திருப்புகிறாள்.
உதட்டின் சிவப்பு உதட்டில் இல்லை.
அரை மில்லிமீட்டர் இடப்பக்கம்,
கன்னத்து வெள்ளைக்குள் கால் வைத்திருக்கிறது.
கிமோனோக் கழுத்தோரச் சிவப்பும்
அதே அளவு, அதே பக்கம்.
ஒரே விலகல் என்றால் ஒரே பலகை.
நிறத்துக்கொரு மரப்பலகை செதுக்கியிருக்கிறார்கள்.
மூலையில் நிச்சயம் ஒரு குறி இருந்திருக்கும்.
தாளை அந்தக் குறியில் பொருத்திய கை
ஒரு நொடி வேறெங்கோ போயிருக்கிறது.

பசியோ. கொசுவோ.
தெருவில் யாராவது சிரித்தார்களோ.
எங்கள் பிழை அறிக்கையில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை.
ஆள், எந்திரம், பொருள்: ஒன்றை டிக் செய்யவும்.

ஆனாலும்
அந்த அரை மில்லிமீட்டரால்
அவள் இப்போதுதான் திரும்பியிருக்கிறாள்.
மற்ற பதினொரு பேரும் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த மாதம் விமான நிலையச் சாலையில் டெக்கோமா மரங்கள்
பத்து நாள் வெயிலில் காய்ந்து, ஒரு மழைக்கு
மொத்தமாய் இளஞ்சிவப்பாயின.
நைட் ஷிப்டு பஸ்ஸின் வைப்பர்
பூவைத் தள்ளித் தள்ளி வழி பார்த்தது.
உள்ளே முப்பத்தாறு பெண்கள்,
வாய் திறந்த தூக்கம்.

டிசம்பர் முப்பத்தொன்று. மாதங்களைப் பங்கு போட்டோம்.
ஹயாத்தி காமெலியாவை எடுத்துக்கொண்டாள்,
புதுத் தூடோங் அதே நிறமாம்.
பெய் ஷானுக்குச் செவ்வந்தி வேண்டாம், அது கல்லறைக்கு வைப்பது;
ஐரிஸ் போதும்.
நான் ஏப்ரலைச் சுருட்டினேன்.

கேட்டில் காவலர் தாபா பையைத் திறந்தார்.
இது என்ன?
ரிஜெக்ட்.
ரிஜெக்ட் வெளியே போகாது, படிவம் வேண்டும் என்றார்.
பிறகு விரித்து
விளக்கடியில் பிடித்து
வெகு நேரம் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டது.
எங்கே ரிஜெக்ட்? என்றார்.

முகமூடியை இறக்கி
என் உதட்டைத் தொட்டுக் காட்டினேன்,
கொஞ்சம் இடப்பக்கமாக.